எவரெஸ்ட்டில் ஏறியவர், நெய்யூரில் இறங்கியவர்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எடிசன்தான். ஆனால் போன வருஷ மலரிலும் எடிசன், அதற்கு முந்தின வருஷமும் எடிசன். பாவம், அவரும் எத்தனை தடவைதான் பல்பைக் கண்டுபிடிப்பார்! அதனால் இந்தத் தடவை ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். லேத்தும் வெர்னியரும் பிடிக்கிறவனுக்கு டாக்டர் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சொல்றேன், கேளுங்க.

நம்ம திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரன் பூட்டு என்பான், இப்போது பிரியாணி என்கிறான். எங்கள் வீட்டில் திண்டுக்கல் என்றால் புகையிலை. வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு உருட்டிய ஊர் இது. பக்கத்து வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள் என்றால் இந்த மண்ணுக்கும் அந்தச் செடிக்கும் உள்ள உறவைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் தாத்தா ஒரு புகையிலைக் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். இடுப்பில் சுருக்குப்பை, வலது கன்னத்தில் எப்போதும் ஒரு மேடு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. தூங்கும்போதுகூட கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தூங்குவார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அதே வலது கன்னத்தில் புண் வந்தது. ஆறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள், கரண்ட் வைத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

இது பழைய கதை. இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்தது இன்னொரு கதை. என் ரூம்மேட் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. துணைக்குப் போனேன். பல் டாக்டர் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னார். நம்ம ஆளுக்கு இரண்டு விரல்தான் போயிற்று. டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை, எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று மட்டும் கேட்டார். பத்தாம் வகுப்பிலிருந்து என்றான். பாக்கெட் பாக்கு, பாக்கெட் புகையிலை. 2013இல் தமிழக அரசு குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை போட்டதெல்லாம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்! உள் கன்னத்துச் சதை நார் நாராக இறுகிப் போகிற வியாதி இது, பாக்கினால் வருவது, இதிலிருந்து சில பேருக்குப் புற்று வரும் என்று டாக்டர் விளக்கினார். பேச்சோடு பேச்சாக, இந்தச் சங்கதி இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்ததில்லை தம்பி, நூறு வருஷத்துக்கு முன்னாடியே கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூரில் வெள்ளைக்கார டாக்டர்கள் எழுதி வைத்துவிட்டார்கள், அதில் ஒருத்தர் எவரெஸ்ட் ஏறினவர் என்றார்.

எவரெஸ்ட் ஏறினவருக்கும் வாய்ப்புண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே பிடித்தது எனக்கு. லைப்ரரியிலும் வெளியிலும் தேடிப் படித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் செருப்புக் கம்பெனி நடத்திய குடும்பம். கே ஷூஸ் என்று அந்த நாட்டில் பெயர் பெற்ற பிராண்டு. மூத்த மகன் பேசாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் ஏழு தலைமுறைக்குச் சாப்பிடலாம். இவர் உட்காரவில்லை. ரக்பி பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ், பிறகு லண்டன் யூனிவர்சிடி காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் படிப்பு. சுற்றுப்பட்டு மலையெல்லாம் ஏறுவது, வாட்டர் கலரில் படம் வரைவது, பியானோ வாசிப்பது... நம்ம ஹாஸ்டலில் சில பேர் இருக்கிறார்களே, எல்லாம் தெரிந்த ஆள், அந்த ரகம்.

படித்து முடிக்கவும் முதல் உலகப் போர் வந்தது. ராணுவ டாக்டராக பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலையில் சோம் யுத்தம். அந்த முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் ஐம்பத்தேழாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். சோமர்வெல் இருந்த சிகிச்சை முகாமுக்கு வெளியே ஏக்கர் கணக்கில் தரையில் ஸ்ட்ரெச்சர்கள். டாக்டர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. யாரை முதலில் மேஜையில் ஏற்றுவது, யாரை விட்டுவிடுவது என்று நடந்துகொண்டே முடிவு பண்ண வேண்டும். கிடந்தவர்கள் ஒருத்தரும் என்னை முதலில் பார் என்று கேட்கவில்லை என்பதுதான் அவர் மனசைக் கடைசி வரை அறுத்த விஷயம். சண்டை என்றாலே ஆகாது என்ற முடிவுக்கு அந்த முகாமில்தான் வந்து சேர்ந்தார். கத்தி பிடிக்கும் வேகமும் அங்கே வந்ததுதான். 1920இல் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார்.

1922. எவரெஸ்ட்டை ஏறிப் பார்த்துவிடுவது என்று பிரிட்டிஷ்காரர்கள் முதல் பெரிய முயற்சி எடுத்த வருஷம். அந்தக் குழுவில் சோமர்வெல்லும் ஒருவர். மே 21ஆம் தேதி மாலரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஏறக்குறைய 27 ஆயிரம் அடி வரை போய்விட்டார்கள். அதுவரை எந்த மனிதக் காலும் படாத உயரம். அதுவும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல்! மெக்கானிக்கல் தோழர்களுக்கு ஒரு தகவல்: அந்தக் காலத்து ஆக்ஸிஜன் செட் ஒன்று 15 கிலோ எடை. நாலு ஸ்டீல் சிலிண்டர், ஜாயின்ட் எல்லாம் ஒழுகும், வால்வு உறையும். முதுகில் அதைக் கட்டிக்கொண்டு ஏறுவதற்கு பதில் சும்மா ஏறலாம் என்று சிலர் நினைத்ததில் தப்பில்லை. சோமர்வெல்லுக்கு அது ஒரு பரிசோதனையும்கூட. உச்சியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் காற்றில் மனித உடம்பு பழகுமா என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்.

அந்தப் பயணம் நல்லபடியாக முடியவில்லை. ஜூன் 7ஆம் தேதி புதுப் பனி விழுந்த சரிவில் மறுபடியும் ஏறப் போனார்கள். பனிச்சரிவு வந்தது. சுமை தூக்க வந்தவர்கள் ஏழு பேர் செத்துப் போனார்கள். வெள்ளைக்காரர் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களில் ஒருத்தனாவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சோமர்வெல் கலங்கிப் போனார். வரலாற்றுப் புத்தகங்களில் மாலரி பெயர் இருக்கும், அந்த ஏழு பேரின் பெயரை நாம் யாராவது பரீட்சைக்குப் படித்திருக்கிறோமா?

மலையிலிருந்து இறங்கியவர் நேரே ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தார். கடைசியில் வந்து நின்ற இடம் நெய்யூர். மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் தாண்டி, இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அந்தத் தமிழ்ப் பகுதிகள் நம்மோடு சேர்ந்தன. நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியசாலை ஒன்று 1838 முதல் இருந்தது. சோமர்வெல் எட்டிப் பார்த்தபோது வாசலில் முடிவே இல்லாத வரிசை. உள்ளே ஆபரேஷன் பண்ணத் தெரிந்தவர் ஒரே ஒரு சர்ஜன், இரவு பகல் பாராமல் அறுத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும். இவரும் கையைக் கழுவிக்கொண்டு கூட நின்றார்.

மறுபடி அந்தப் பிரெஞ்சு முகாம்தான் அவர் கண் முன்னால் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். தரையில் காத்திருக்கும் ஜனம், போதாத டாக்டர். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே மனுஷன் மனுஷனைச் சுட்டதால் வந்த கூட்டம். இங்கே கேட்பார் இல்லாததால் வந்த கூட்டம். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. வீட்டில் கம்பெனி காத்திருந்தது. ஊருக்குப் போய் நான் இந்தியாவுக்குத்தான் போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர், நெய்யூர்க்காரராகவே ஆகிப்போனார். வயது 33.

1924இல் மறுபடி எவரெஸ்ட் கூப்பிட்டது. இந்தத் தடவை நெய்யூர் வெயிலிலிருந்து கிளம்பிப் போனார். இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான கட்டம்.

முதலில் மே மாதம் ஒரு சம்பவம். சுமை தூக்கிகள் நாலு பேர் மேலே நார்த் கோல் முகாமில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். 1922 திரும்பவும் நடக்கக் கூடாது என்று நார்ட்டன், மாலரி, சோமர்வெல் மூவரும் கிளம்பினார்கள். கடைசிச் சரிவில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டு குறுக்கே போனவர் சோமர்வெல். கயிறு தீர்ந்துவிட்டது, அவர்களுக்கும் இவருக்கும் இடையில் இன்னும் கொஞ்ச தூரம். இரண்டு பேர் கால் சறுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார்கள். சோமர்வெல் பனிக்கோடரியைக் குத்தி நட்டு, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றி, ஒரு கையால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டி ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாலு பேரும் பிழைத்தார்கள். மேலே போய் உச்சியைத் தொட்டிருந்தால்கூட எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் பட்டிருக்கும்.

பிறகு ஜூன் 4. நார்ட்டனும் சோமர்வெல்லும் உச்சிக்குக் கிளம்பினார்கள், ஆக்ஸிஜன் இல்லாமல். பல நாளாகவே சோமர்வெல்லுக்கு இருமல். அந்த உயரத்துக் காற்று எலும்பை உறைய வைக்கும் குளிர், ஈரமே இல்லாத வறட்சி. மூக்கால் இழுத்துப் போதாமல் வாயால் இழுத்து இழுத்துத் தொண்டையின் உள் சவ்வே குளிரில் வெந்துவிட்டது. 28 ஆயிரம் அடியில் அவரால் முடியவில்லை, நீ போ என்று நார்ட்டனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். நார்ட்டன் தனியாக 28,126 அடி வரை போய்த் திரும்பினார். உச்சிக்கு இன்னும் ஆயிரம் அடிக்கும் குறைவு! செயற்கை ஆக்ஸிஜன் இல்லாமல் போன அந்த உயரத்தை 1978இல் மெஸ்னரும் ஹாபெலரும்தான் மிஞ்சினார்கள். 54 வருஷம்.

இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. நார்ட்டன் திரும்பிப் பார்த்தாராம், வழக்கம்போல் படம் வரைய உட்கார்ந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாராம். சோமர்வெல் பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தார். கடைசியாக ஒரு தடவை இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினார். அடைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது, ரத்தத்தோடு. குளிரில் செத்துப்போன குரல்வளைச் சவ்வு அது. அதற்குப் பிறகு பல நாள் வராத மூச்சு தாராளமாக வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு டாக்டர் தன் தொண்டையில் சதை செத்து அடைப்பதை உணர்ந்தவர்! அதே கைதான் பிறகு நெய்யூரில் வாயும் தொண்டையும் அழுகி வந்தவர்களை ஆயிரக்கணக்கில் தொட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா கடைசி மாசத்தில் தண்ணீர் விழுங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நாலு நாள் கழித்து மாலரியும் இர்வினும் மேலே போனார்கள், திரும்பவில்லை. மாலரி கேமராவை மறந்துவிட்டு வந்ததால் சோமர்வெல் தன் பாக்கெட் கேமராவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மாலரி உடல் 1999இல் கிடைத்தது, இர்வின் காலணியோடு ஒரு பாதம் 2024இல் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற ரகசியம் நம்ம நெய்யூர் டாக்டரின் கேமராவுக்குள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சரி, மலை போதும். நெய்யூருக்கு வருவோம்.

நான் முதலில் நினைத்தது, வாய்ப்புற்றுக்குக் காரணம் கண்டுபிடித்தவர் சோமர்வெல் என்று. அப்படி இல்லை. கதை அவருக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1902இலேயே சென்னையில் நிப்ளாக் என்ற சர்ஜன், இங்கே வருகிற புற்றில் கன்னப்புற்று இவ்வளவு இருக்கிறதே, வெற்றிலை போடுவதால்தானோ என்று எழுதினார். 1908இல் திருவிதாங்கூர் மிஷன் டாக்டர்கள் இரண்டு பேர் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஃபெல்ஸ் என்பவர் தான் செய்த 209 வாய்ப்புற்று ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார். பென்டால் என்பவர் 1,700 புற்று நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தார். நினைத்துப் பாருங்கள் நண்பர்களே! எக்ஸ்ரே இப்போதுதான் வந்த காலம். பென்சிலின் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கி. ரத்த வங்கி கிடையாது. அந்த நிலைமையில் கன்னத்தை அறுத்து, தாடை எலும்பை எடுத்து, யாருக்கு எந்தப் பக்கம், என்ன பழக்கம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் பன்சன் பர்னரும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும்.

அவர்கள் பார்த்தது என்ன? இங்கிலாந்தில் வாய்ப்புற்று என்றால் பெரும்பாலும் நாக்கில், இல்லாவிட்டால் பைப் பிடிக்கிற உதட்டில். இங்கே கன்னத்தின் உட்புறத்தில், ஈறு ஓரத்தில். அதாவது எந்த இடத்தில் வெற்றிலைச் சக்கையை அடக்கி வைக்கிறார்களோ அதே இடத்தில்! ஆந்திராவில் சில பகுதிகளில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கிற பழக்கம் உண்டு. அவர்களுக்குப் புற்று வருவது மேல் அண்ணத்தில். வெல்டிங் பற்றவைத்த இடத்தில்தான் நிறம் மாறும் என்பது மாதிரி, பழக்கம் பட்ட இடத்தில் வியாதி.

சோமர்வெல் நெய்யூரில் கத்தி எடுத்த காலத்தில் இந்தக் கூட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அவருடன் வேலை பார்த்த டாக்டர் ஓர், 1933இல் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரணம், வியாதியின் தன்மை, சிகிச்சை மூன்றையும் அதில் ஆராய்ந்தார். இன்றைக்கும் இந்த விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. வெற்றிலையா, பாக்கா, சுண்ணாம்பா, புகையிலையா என்ற கேள்வியில் புகையிலை மேல் சந்தேகம் அழுத்தமாக விழுந்தது அங்கிருந்துதான். சுண்ணாம்பு சும்மா இருப்பதில்லை. அது காரம். வாய்ச் சவ்வை அரித்து, பாக்கிலும் புகையிலையிலும் உள்ள சரக்கு உள்ளே இறங்க வழி பண்ணிக் கொடுக்கிறது. மெஷின் ஷாப்பில் ஃப்ளக்ஸ் போடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை.

சிகிச்சைக்கு நெய்யூரில் கத்தியோடு ரேடியமும் சேர்ந்தது. கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898இல். அந்தக் காலத்து முறையைச் சொன்னால் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். பிளாட்டினத்தில் செய்த மெல்லிய ஊசி, உள்ளே துளியூண்டு ரேடியம் உப்பு. பிளாட்டினச் சுவர் ஆல்பா, பீட்டா கதிர்களைத் தடுத்துவிடும், காமா மட்டும் வெளியே வரும். இந்த ஊசிகளைப் புற்றைச் சுற்றி வேலி போட்டது மாதிரி கன்னத்தில் குத்தி, நூல் கட்டி, கணக்குப் பார்த்துச் சில நாள் வைத்திருந்து எடுப்பார்கள். எடுத்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் போச்சு! ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கரண்டே வராத ஊர்களுக்கு இது ஒரு வரம். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் தொட்டு வேலை பார்க்கிற டாக்டர் விரலையும் அது விடாது.

சோமர்வெல் வாய்ப்புற்று மட்டும் பார்த்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்தப் பகுதியில் குடல் புண் ஏராளம். வயிற்று ஆபரேஷனில்தான் அவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. அது குறித்து ஓரும் அவரும் சேர்ந்து 1936இல் எழுதினார்கள். கிளை ஆஸ்பத்திரிகளுக்குப் போய் விடிய விடிய ஆபரேஷன் செய்வார்.

1936இல் தன் அனுபவங்களை ஆஃப்டர் எவரெஸ்ட் என்ற புத்தகமாக எழுதினார். தலைப்பைக் கவனித்தீர்களா? எவரெஸ்ட்டுக்குப் பிறகு! ஊர் உலகம் இவரைக் கேட்டதெல்லாம் மலையைப் பற்றி. இவர் சொல்ல நினைத்தது மலைக்குப் பிறகு வந்ததை. 1922 குழுவினருக்கு 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்காகப் பதக்கம் கொடுத்தார்கள். அப்படியானால் நெய்யூரில் இருந்த ஒரு டாக்டர் ஒலிம்பிக் பதக்கக்காரர்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் மிஷனரி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் மதம் பேசவும்தான் அந்த மிஷன் வந்தது. அது எனக்கு ஒப்புதல் இல்லை. வலியோடு வந்தவனிடம் வலியைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்பது என் கட்சி. ஆனால் 25 வருஷம் ஒருத்தர் ஒரே ஊரில் நின்று அறுத்துத் தைத்ததை அதற்காகக் கழித்துவிடவும் எனக்கு மனசில்லை. இதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், டீ வாங்கித் தருகிறேன்.

1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1961 வரை மாணவர்களுக்கு சர்ஜரி சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊருக்குத் திரும்பி, ஆல்பைன் கிளப் என்ற புகழ்பெற்ற மலையேறுவோர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, கடைசி வரை மலைகளை வரைந்துகொண்டு, 1975 ஜனவரி 23ஆம் தேதி ஆம்பிள்சைடு என்ற ஊரில் காலமானார். வயது 84.

நெய்யூர் நோட்டுகளில் ஆரம்பித்தது அதோடு நிற்கவில்லை. 1971இல் ஹாம்ஸ்டர் என்ற எலி வகைப் பிராணியின் கன்னப் பைக்குள் பாக்குச் சாறு தடவிப் பார்த்து, புற்று வருவதை நேச்சர் இதழில் எழுதினார்கள். 1985இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சக்கை புற்று உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. 2004இல் இன்னொரு படி மேலே போய், புகையிலை இல்லாவிட்டாலும் சரி, வெறும் பாக்கே போதும் என்றது. என் ரூம்மேட் இதைத்தான் நம்ப மறுத்தான். பாக்குதானே மாப்ளே, புகையிலையை விட்டுட்டேன்ல என்பான். கல்யாண வீட்டில் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கிற பொருளை விஷம் என்றால் யார்தான் நம்புவார்கள்? நானே டாக்டர் சொல்லும் வரை நம்பவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் ராத்திரி ராத்திரி அவனிடம்தான் சொன்னேன். எவரெஸ்ட் கதை என்றால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்பான். தொண்டை அடைத்த கட்டம் வந்தபோது எதுவும் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். மறுநாள் காலையில் பாக்கெட் ஷெல்ஃபில் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி இருந்தது. அதற்குப் பிறகு மறுபடி இல்லை. இப்போது நாலு மாசம் ஆகிறது. வாயைத் திறக்கிற பயிற்சிக்கு டாக்டர் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும், சில வாரம் கூடும், சில வாரம் கூடாது. ஸ்க்ரூ கேஜ் ஒன்றை லேபிலிருந்து கொண்டு வந்து அடுக்கின் கனத்தை அளந்து அவன் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை திரும்பவும் டாக்டரிடம் போக வேண்டும். அன்றைக்குத்தான் ஹைட்ராலிக்ஸ் இன்டர்னல் டெஸ்ட். ஹெச்.ஓ.டி. சாரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்து லீவு கேட்டிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு